கதவைத் திறந்தால் கடற்கரை: வாசகர் கேள்வி பதில்

கதைப் படங்களில் சர்ரியலிசம், அதாவது கனவின் போக்கையே கலையின் போக்காக்கும் முறை, பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்பைத் தொடர்ந்து, கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பல கேள்விகள் வந்துள்ளன. அவற்றில் படத்தொகுப்பைத் தொடும் கேள்விகளை மட்டும் தேர்ந்தெடுத்து, இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்தோம். பழைய துறைமுகப் பாலத்தருகே மணலில் புதைந்த சுவர்க்கடிகாரம், மீன்கூடை நிறையக் கண்ணாடித் துண்டுகள், குடை பிடித்தபடி கடலுக்குள் நடந்து செல்லும் மணமகன் என்று அதில் சர்ரியலிசப் படிமங்கள் நிறைய இருக்கின்றன. பார்த்தவர்கள் எல்லாரும் விளம்பரப் படம் போல அழகாக இருக்கிறது என்கிறார்கள். கனவு போல இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கே குறை? (கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை)

பதில்: படத்தில் உள்ள பொருள்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள். எந்த ஷாட்டுக்குப் (கேமராவின் ஒரே ஓட்டத்தில் எடுத்த துண்டுக்கு) பின் எந்த ஷாட் வருகிறது என்பதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். விசித்திரமான ஒரு பொருளை நன்றாக ஒளியமைத்து நடுவில் வைத்துக் காட்டினால் பார்வையாளர் அதை ரசிப்பார், ரசித்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பார். கனவு காண்பவருக்கு அப்படி விலகி நின்று ரசிக்கும் வசதி இல்லை. பாட்டி வீட்டுக் கூடத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கூடம் ரயில் பெட்டியாகிவிடுகிறது, உறங்குபவரோ ஒரு சொல் மறுக்காமல் பேச்சைத் தொடர்கிறார். மறுக்காமல் தொடரும் அந்த மனநிலையைத் திரையில் உண்டாக்குவது கேமராவைவிட எடிட்டிங்கின் வேலை.

1929இல் ஸ்பானிய இயக்குநர் லூயி புனுவெலும் ஓவியர் சல்வதோர் டாலியும் சேர்ந்து உருவாக்கிய 'ஆண்டலூசிய நாய்' படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேகம் நிலவை அறுத்துச் செல்வதைப் புனுவெல் கனவில் கண்டிருந்தார், எறும்புகள் மொய்க்கும் கையை டாலி கண்டிருந்தார். இவ்விரண்டிலிருந்தும் தொடங்கி, அறிவுக்குப் பொருந்தும் விளக்கம் எதற்கும் இடம்தராத படிமங்களையே ஏற்பது என்ற ஒப்பந்தத்தோடு அவர்கள் திரைக்கதை எழுதினார்கள். சவரக்கத்தி கண்ணை அறுக்கும் காட்சி மட்டுமே பலருக்கு நினைவிருக்கும். அந்தக் காட்சி எப்படித் தொகுக்கப்பட்டிருக்கிறது என்பதை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஒருவன் பால்கனியில் நின்று மேலே பார்க்கிறான். அடுத்த ஷாட்டில் நிலவும், அதை நோக்கி நகரும் மெல்லிய மேகமும் தெரிகின்றன. பிறகு பெண்ணின் முகமும் கத்தியும், மீண்டும் நிலவைக் கடக்கும் மேகம், அதன்பின் மிக அண்மையில் அறுபடும் கண். பார்ப்பவர் முகத்தை அடுத்து அவர் பார்க்கும் பொருளைக் காட்டுவது சாதாரணக் கதைப் படங்கள் அன்றாடம் பின்பற்றும் விதி. அந்த விதியை இவர்கள் துளியும் மீறவில்லை. நிலவின் வட்டம் கண்ணின் வட்டத்தோடும், மேகத்தின் கோடு கத்தியின் கோட்டோடும் ஒத்துப்போகின்றன. அறுபட்டது இறந்துபோன ஒரு கன்றின் கண். அது அந்தப் பெண்ணின் கண்ணாக மாறியது வெட்டினால், அதாவது ஒரு ஷாட்டை முடித்து அடுத்ததை ஒட்டும் எடிட்டிங்கினால் மட்டுமே. இலக்கணம் சரியாக இருப்பதால்தான் அந்தக் கொடூரம் நம்மிடம் தடையின்றி வந்து சேர்கிறது.

அதே படத்தில் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது கதவுகள். அந்தப் பெண் ஆணிடமிருந்து தப்பி அடுத்த அறைக்கு ஓடிக் கதவைச் சாத்துகிறாள். அடுத்த அறையும் அதே அறைதான், அதே கட்டிலில் அவன் படுத்திருக்கிறான். படத்தின் கடைசிப் பகுதியில் அவள் அறையை விட்டு வெளியேறும்போது தெருவோ படிக்கட்டோ வருவதில்லை. காற்று கூந்தலைக் கலைக்கிறது, எதிரே கடற்கரை. இந்த இணைப்புகளில் தந்திரக் காட்சி எதுவும் கிடையாது. வெளியேறும் திசை, உடல் அசைவின் வேகம், முகம் திரும்பும் கோணம் ஆகியவை இரண்டு ஷாட்டுகளிலும் பொருந்துகின்றன, அவ்வளவே. ரஷ்யாவில் இயக்குநர் குலெஷோவ் மாஸ்கோவின் வெவ்வேறு இடங்களில் எடுத்த ஷாட்டுகளை அமெரிக்காவின் வெள்ளை மாளிகை ஷாட்டோடு ஒட்டி, ஒரே இடம் போலத் தோன்றச் செய்தார். வசதிக்காக எல்லாப் படங்களும் செய்யும் அந்த ஏமாற்றைச் சர்ரியலிசம் மறைக்காமல், நம் கண் எதிரிலேயே செய்கிறது.

கவிஞர் ஆந்த்ரே ப்ரெத்தோன் பாரிஸில் சர்ரியலிச அறிக்கையை வெளியிட்ட 1924ஆம் ஆண்டிலேயே மௌனப் பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் 'ஷெர்லாக் ஜூனியர்' படத்தை எடுத்தார். உறங்கிவிட்ட ஒரு புரொஜக்டர் ஓட்டுபவர் கனவில் திரைக்குள் நுழைகிறார். அவர் தோட்டத்து பெஞ்சில் உட்காரப் போகும்போது வெட்டு விழுகிறது, பெஞ்ச் மறைந்து அது தெருவாகிறது. மலை விளிம்பு, சிங்கங்கள், பாலைவனம், கடல்நடுப் பாறை என இடங்கள் மாறிக்கொண்டே போக, பாறையிலிருந்து தண்ணீரில் குதித்தவர் பனியில் தலைகுத்தி நிற்கிறார். உடல் ஒன்றே, அசைவும் ஒன்றே. சுற்றியுள்ள உலகம் மட்டும் மாறுகிறது. ஒவ்வோர் இடத்திலும் உடல் சட்டகத்தின் அதே புள்ளியில் நிற்க வேண்டும் என்பதற்காக நில அளவைக் கருவிகளை வைத்து அளந்து எடுத்தார்கள். கனவை எடுப்பதற்குத் தேவைப்பட்டது அவ்வளவு கறாரான அளவு.

உங்கள் மணமகனுக்கு வருகிறேன். கடற்கரையில் அவர் தோன்றுவதற்கு முன் முதலியார்பேட்டையில் ஒரு வீட்டுக்குள் அவரைக் காட்டுங்கள். வேட்டியைச் சரிசெய்கிறார், அடுக்களையிலிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறார், வெளியே தூறல் என்பதால் சுவரோரம் இருந்த குடையை எடுக்கிறார். வாசற்படியைத் தாண்ட வலது காலைத் தூக்குகிறார். அந்தக் கால் இறங்கும் இடம் அலை வந்து திரும்பும் ஈரமணலாக இருக்கட்டும். நடையின் வேகமும் திசையும் மாறக் கூடாது, முகத்தில் வியப்பு கூடாது, அழகான தூரக்காட்சி உடனே வரவும் கூடாது. நம் ஊர்க்காரர்களுக்கு அந்தத் தெருவுக்கும் கடலுக்கும் இடையே உள்ள தூரம் காலுக்குத் தெரியும், ஆகவே அவர்களிடம் இது இன்னும் ஆழமாக வேலை செய்யும். இப்படி ஓர் இணைப்பு அமைந்துவிட்டால் கடிகாரமும் கண்ணாடித் துண்டுகளும் தேவையா என்று நீங்களே யோசிப்பீர்கள்.

கேள்வி: தமிழ்ப் படங்களின் கனவுப் பாட்டு பல பத்தாண்டுகளாகச் செய்துவருவதும் இதுதானே? வயல்வரப்பில் நிற்பவர்கள் அடுத்த வரியில் பனிமலையில் ஆடுகிறார்கள். மேலைநாட்டார் செய்தால் சர்ரியலிசம், நாம் செய்தால் மசாலாவா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: ஐயா, உங்கள் கேள்வியில் உள்ள ஆதங்கம் நியாயமானது. நம் பார்வையாளர்கள் இடம் தாவுவதை ஏற்கும் பயிற்சியைச் சினிமாவிடமிருந்து மட்டும் பெறவில்லை. நம் தென்னார்க்காட்டுத் தெருக்கூத்தில் நடிகர் ஆடுகளத்தை ஒருமுறை சுற்றி வந்து நின்றால் அரண்மனை காடாகிவிடும். படுதா மாற்ற வேண்டியதில்லை, யாரும் விளக்கம் கேட்பதுமில்லை. அப்படிப் பார்த்துப் பழகிய கண்கள் பண்ருட்டி முந்திரித் தோப்பிலிருந்து பனிமலைக்குப் போன வெட்டை இயல்பாக ஏற்றுக்கொண்டன.

தொழில்நுட்பத்திலும் நம் பாடல் எடிட்டர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். நாயகி ஒரு புடவையில் சுழலத் தொடங்கி இன்னொரு புடவையில், இன்னொரு ஊரில் சுழற்சியை முடிப்பாள். அமெரிக்கச் சோதனைப் பட இயக்குநர் மாயா டெரன் 1945இல் எடுத்த சிறு நடனப் படம் ஒன்றில் டேலி பீட்டி என்ற நடனக் கலைஞர் காட்டில் தூக்கிய காலை ஓர் அறைக்குள் இறக்குகிறார். உலகெங்கும் திரைப்படக் கல்லூரிகளில் எடுத்துக்காட்டப்படும் அந்த வெட்டும், கோடம்பாக்கத்தில் நடனக் காட்சிகளைத் தொகுப்பவர்கள் அன்றாடம் வைக்கும் வெட்டும் அமைப்பில் ஒன்றேதான். பிரெஞ்சு இயக்குநர் அலென் ரெனேயின் 'லாஸ்ட் இயர் அட் மரியன்பாத்' 1961இல் இதையே உரையாடலில் செய்தது. பேச்சு தொடர்கிறது, அதற்குள் அந்தப் பெண்ணின் உடையும் இடமும் மாறிவிடுகின்றன. மாறியது உடையா, ஆண்டா, அல்லது ஒருவரின் நினைவா என்று நமக்குத் தெரிவதில்லை.

நான் உங்களோடு வேறுபடுவது இந்தக் கடைசி இடத்தில்தான். கனவுப் பாட்டுக்கு வாசலும் உண்டு, மதிலும் உண்டு. நாயகன் கண்மூடுகிறான், முன்னிசை எழுகிறது, இனி நடப்பதற்குக் கணக்கு வேண்டாம் என்று அனைவருக்கும் அறிவிக்கப்படுகிறது. பாட்டு முடிந்ததும் கதை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. கனவிலிருந்து பகலுக்குள் எதுவும் கசிவதில்லை. சர்ரியலிஸ்டுகள் விரும்பியது அந்தக் கசிவைத்தான். பனிமலைப் பாட்டு முடிந்து நாயகன் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் கண்விழிக்கும்போது அவன் தோளில் பனித்துகள் உருகாமல் இருந்து, பக்கத்தில் நிற்பவர் அதைத் தட்டிவிட்டுப் போனால், அந்த ஒரு ஷாட்டில் பாட்டு முழுவதும் வேறொன்றாகிவிடும். அதற்கான திறமை நம்மிடம் இல்லாமல் போனதே இல்லை. மதிலை இடிக்கும் துணிவு மட்டும் மிக அரிதாகவே தெரிந்திருக்கிறது.

கேள்வி: புனுவெலின் 'எக்ஸ்டெர்மினேட்டிங் ஏஞ்சல்' படத்தில் விருந்தினர்கள் வீட்டுக்குள் நுழையும் காட்சி இரண்டு முறை வருகிறது. நான் பார்த்த பிரதியில் கோளாறா? (நெய்வேலி)

பதில்: கோளாறு இல்லை. 1962இல் வெளிவந்த அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் கேப்ரியல் ஃபிகரோவாவே, தொகுப்பு நடந்தபோது, நுழைவுக் காட்சி தவறுதலாக இருமுறை சேர்ந்துவிட்டது என்று பதறிப்போய்ச் சொன்னதாகப் புனுவெல் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். இரண்டையும் தம் கையால் படமாக்கியவரே அப்படி நினைத்துவிட்டதுதான் புனுவெலுக்கு வியப்பு. கவனித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே ஷாட்டின் நகல் இல்லை என்பது தெரியும், கேமராவின் கோணம் மாறியிருக்கும். அதேபோல வீட்டு உரிமையாளர் கோப்பையை உயர்த்தி வாழ்த்துச் சொல்வதும் இருமுறை வருகிறது. முதல்முறை எல்லாரும் கேட்கிறார்கள், இரண்டாம்முறை ஒருவரும் கவனிப்பதில்லை.

கதை உங்களுக்குத் தெரியும். விருந்து முடிந்த பின்னும் வரவேற்பறையை விட்டு யாராலும் வெளியேற முடியவில்லை. கதவு திறந்தே இருக்கிறது. நாட்கள் கழிகின்றன, பசியும் நோயும் சாவும் வருகின்றன. இறுதியில் ஒரு பெண், தாம் எல்லாரும் முதல் இரவில் இருந்த அதே இடங்களில் நிற்பதைக் கவனிக்கிறாள். அன்று பியானோ வாசிப்பு முடிந்ததும் பேசிய பேச்சுகளை மீண்டும் பேச வைக்கிறாள். அந்தத் திரும்பச் செய்தலால்தான் அவர்களுக்கு வெளியேற வழி கிடைக்கிறது. ஆக, தொடக்கத்தில் எடிட்டிங் செய்த ஒரு செயலைக் கதாபாத்திரங்கள் முடிவில் தம் உடலால் செய்கிறார்கள். நீங்கள் பிழை என்று நினைத்த வெட்டு, கதையின் சாவியை முதல் பத்து நிமிடங்களுக்குள்ளேயே உங்கள் கையில் கொடுத்துவிட்டது. ஒருமுறை கூடுதலாக நுழைந்தவர்கள் வெளியே வரவும் ஒருமுறை கூடுதலாகச் செய்ய வேண்டியிருக்கிறது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

கேள்வி: புதுச்சேரிக்காரனான நான் சென்னையில் உதவி எடிட்டராக வேலை செய்கிறேன். இப்போது வேலை செய்யும் படத்தில் ஒரு கனவுக் காட்சி உண்டு. இயக்குநர் அதை நேரடியாக கட் செய்து உள்ளே போக வேண்டும் என்கிறார். தயாரிப்பாளரோ, மக்கள் குழம்பிவிடுவார்கள், டிஸ்ஸால்வ் (ஒரு காட்சி மெல்லக் கரைய அடுத்தது தோன்றுவது) போட்டு நிறத்தை மாற்றி, ஓரங்களை மங்கலாக்கிக் காட்டுங்கள் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இயக்குநர் பக்கமே என் மனம் சாய்கிறது. ஆனால் தயாரிப்பாளரின் பயத்தையும் மதித்தே பதில் சொல்ல வேண்டும். பார்வையாளர் குழம்புவது ஒன்று, அவருக்கு ஐயம் எழுவது இன்னொன்று. யார் எவர் என்று தெரியாமல் போனால் அவர் படத்தை விட்டு விலகிவிடுவார். எல்லாம் தெளிவாகத் தெரிந்தும் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் இருக்கை நுனிக்கு வருவார். டிஸ்ஸால்வும் நிறமாற்றமும் இந்த இரண்டாவது நிலையையும் சேர்த்துக் கொன்றுவிடுகின்றன. ஒரு நொடி டிஸ்ஸால்வ் என்றால் 24 ஃப்ரேம்கள், அதாவது 24 தனிப் படங்கள். அந்த 24 ஃப்ரேம்களில் பார்வையாளர் இது நிஜமில்லை என்று முடிவுசெய்து மனத்தைப் பூட்டிக்கொள்கிறார். அதன்பின் கனவில் கொலையே விழுந்தாலும் அவருக்கு வலிக்காது.

புனுவெலின் 'பெல் து ஜூர்', 1967, கனவிலேயே தொடங்குகிறது. குதிரை வண்டியில் ஒரு தம்பதி காதல் மொழி பேசி வருகிறார்கள். திடீரென்று கணவன் வண்டியை நிறுத்தி மனைவியை இழுத்துச் சென்று சாட்டையால் அடிக்க ஆணையிடுகிறான். என்ன யோசித்துக்கொண்டிருக்கிறாய் என்று கணவனின் குரல் கேட்கிறது, அவர்கள் படுக்கையறையில் இருக்கிறார்கள். உள்ளே போன வாசலைக் காட்டாமல் வெளியே வந்த வாசலை மட்டும் காட்டுகிறார். 1972இல் வந்த 'டிஸ்க்ரீட் சார்ம் ஆஃப் தி பூர்ஷ்வாஸி'யில் இதை இன்னும் துணிந்து செய்தார். விருந்துக்கு வந்தவர்கள் உணவு மேசையில் இருக்கும்போது பக்கத்தில் திரைச்சீலை விலகுகிறது, அவர்கள் ஒரு நாடக மேடையில் இருக்கிறார்கள், எதிரே பார்வையாளர் கூட்டம். ஒருவர் விழித்தெழுகிறார், கனவு. மூச்சுவிட்டு அடுத்த விருந்துக்குப் போகிறோம், அங்கே ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். இன்னொருவர் விழித்தெழுகிறார். முதலாமவர் கனவு கண்டதாகத் தாம் கனவு கண்டதைச் சொல்கிறார். எலேன் ப்ளெமியானிக்கோவின் தொகுப்பில் இந்த வெட்டுகள் எல்லாம் சாதாரண உணவுமேசைக் காட்சியின் வெட்டுகள் போலவே இருக்கின்றன. அந்தப் படம் சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கரைப் பெற்றது. பார்வையாளர்கள் குழம்பி எழுந்து போய்விடவில்லை என்பதை உங்கள் தயாரிப்பாளரிடம் சொல்லலாம்.

அடையாளம் காட்டுவது எப்போதுமே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அதே புனுவெல் 1950இல் எடுத்த 'லாஸ் ஒல்விதாதோஸ்' படத்தில் சிறுவன் பெத்ரோவின் கனவு மெதுவியக்கத்தில் ஓடுகிறது. உதடுகள் அசையாமல் குரல்கள் கேட்கின்றன, அம்மா ஒரு பச்சை இறைச்சித் துண்டை நீட்டிக்கொண்டு வருகிறாள், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை எழுந்து அதைப் பறிக்கிறது. கனவென்று முதல் நொடியிலேயே தெரிந்தும் நடுங்குகிறோம், ஏனென்றால் அந்தப் பசி விழித்திருக்கும்போது நாம் பார்த்த அதே பசி. உங்கள் காட்சி அப்படிப்பட்டதா என்று எடுத்த காட்சிகளை ஒலியில்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

நடைமுறையில் ஒரு வழி சொல்கிறேன். நேரடி வெட்டோடு ஒரு பிரதியும், தயாரிப்பாளர் கேட்டபடி ஒரு பிரதியும் தயார் செய்யுங்கள். திரைக்கதை படிக்காத சிலரிடம் தனித்தனியே காட்டுங்கள். புரிந்ததா என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லாரும் புரிந்தது என்றே சொல்வார்கள். எந்த இடத்தில் இது கனவாக இருக்குமோ என்று தோன்றியது என்று கேளுங்கள். நேரடி வெட்டுப் பிரதியைப் பார்த்தவர்கள் காட்சியின் நடுவில் ஏதாவது ஓர் இடத்தைச் சொன்னால் உங்கள் வெட்டு சரியாக இருக்கிறது. காட்சி முடிந்து வெகுநேரம் ஆகியும் தெரியவில்லை என்றால் உள்ளே ஒரு சிறு பிசகைச் சேர்க்க வேண்டும். சுவரில் மாட்டியிருந்த படம் அடுத்த கோணத்தில் இல்லாமல் போவது போதும். தொடர்ச்சி பார்க்கும் உதவி இயக்குநர் பதறுவார், அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்களிடம் பெரிய எடிட்டிங் வசதி இல்லை, செல்போனில்தான் தொகுக்கிறோம். இதில் இவ்வளவு நுட்பம் முடியுமா? (குறிஞ்சிப்பாடி)

பதில்: தாராளமாக முடியும். பழைய முறையில் ஃபிலிமைச் சுரண்டிப் பசையால் ஒட்டும்போது, ஒவ்வொரு முறை பிரித்து ஒட்டுவதற்கும் ஃப்ரேம் இழப்பு ஏற்படும், அதனால் சோதித்துப் பார்க்கத் தயங்குவார்கள். இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் '8½' படத்தைத் தொகுத்த லியோ கட்டோசோ, ஃப்ரேம் இழக்காமல் ஒட்டு நாடாவால் இணைக்கும் கருவியை உருவாக்கினார். ஒரு வெட்டைப் போட்டுப் பார்த்துப் பிடிக்காவிட்டால் பிரித்து வேறொன்றைப் போடும் சுதந்திரம் எடிட்டருக்கு அப்போது கிடைத்தது. அதைவிடப் பெரிய சுதந்திரம் இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: செயலியில் தயாராக இருக்கும் டிரான்ஸிஷன் (காட்சிகளுக்கு இடையே போடும் அலங்கார மாற்றம்) எதையும் தொடாதீர்கள்.

கேள்வி: டேவிட் லிஞ்சின் 'மல்ஹாலண்ட் டிரைவ்' படத்தை முழுதாகப் பார்த்தேன். நடுவில் ஒரு நீலப்பெட்டி திறந்ததும் எல்லாரும் வேறு பெயரில், வேறு உறவில் இருக்கிறார்கள். இதன் பொருள் என்ன? கண்டுபிடித்தே ஆக வேண்டுமா? (இல்லத்தரசி, முத்தியால்பேட்டை)

பதில்: முற்பகுதி டயான் என்ற நடிகையின் கனவு, பிற்பகுதி அவள் விழித்திருக்கும் வாழ்வு என்பதே பலரும் ஏற்கும் வாசிப்பு. லிஞ்ச் தாமாக விளக்கம் தர மறுத்தார். இந்தப் படம் பிறந்த விதத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 1999இல் தொலைக்காட்சித் தொடருக்கான மாதிரி முதல் பகுதியாக எடுக்கப்பட்டது, தொலைக்காட்சி அதை ஏற்கவில்லை. பின்னர் பிரெஞ்சு முதலீட்டில் புதிய காட்சிகள் எடுத்துச் சேர்த்து 2001இல் முழுப் படமாக வந்தது. தொடர்ந்து நீள வேண்டிய ஒரு கதையின் கிளைகளை, புதிய காட்சிகளோடு எடிட்டர் மேரி ஸ்வீனியின் தொகுப்பு ஒரு பெண்ணின் ஏக்கமாக மாற்றிவிட்டது. பெட்டிக்குள் கேமரா விழுந்து இருளாகும் அந்த நொடிதான் இரண்டையும் தைத்திருக்கும் தையல். முன்பு சம்பந்தமில்லாமல் கிடந்த முகங்களும் சாவியும் அந்தத் தையலுக்குப் பின் வேறு இடத்திலிருந்து வந்தவையாகத் தோன்றுகின்றன.

உங்கள் பகுதியை ஒட்டிய மாந்தோப்பு ஒன்றைச் சொல்கிறேன். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார், 'குயில் பாட்டு' நிகழும் இடத்தைத் தென்புதுவையின் மேற்கே சிறுதொலைவில் உள்ள மாஞ்சோலை என்கிறார். குயில் பேசுகிறது, குரங்கோடும் மாட்டோடும் காதல் கொள்கிறது, கடைசியில் பெண்ணாகிறது. அவளும் சோலையும் ஒருசேர மறைய, கவிஞர் கதறி விழுந்து கண் திறக்கிறார். சுற்றிலும் பழைய சுவடி, எழுதுகோல், பத்திரிகைகள், பழம்பாய். ஒரு திறமையான எடிட்டர் அடுத்தடுத்து வைக்கும் குளோசப்புகள் போல அந்தப் பொருள்கள் வருகின்றன, வீட்டில்தான் இருக்கிறோம் என்று அவரும் நாமும் ஒரே நேரத்தில் உணர்கிறோம். அதன்பின் அவர் தமிழ்ப் புலவர்களிடம், கற்பனையே ஆனாலும், 'வேதாந்தமாக விரித்துப் பொருளுரைக்க யாதானும் சற்றே இடமிருந்தால் கூறீரோ' என்று கேட்கிறார். பொருள் சொல்ல இடமிருந்தால் சொல்லுங்கள், பாட்டு அதற்காகக் காத்திருக்கவில்லை என்பதே அதன் தொனி என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்களும் அப்படியே செய்யலாம். பெட்டி திறந்த நொடியில் உங்களுக்கு வயிற்றில் ஏதோ நழுவியது என்றால், படம் உங்களிடம் செய்ய வந்ததைச் செய்துவிட்டது. பொருள் பிறகு ஒருநாள் துணி உலர்த்தும்போது தானாகவே வரலாம்.

ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் 'மிரர்', 1975, இதற்கு நல்ல துணை. எந்த வரிசையில் வைத்தாலும் அந்தப் படம் ஒட்டாமல் சிதறியதாகவும், இருபதுக்கும் மேற்பட்ட தொகுப்புகளை முயன்ற பின்னரே ஒரு நாள் அது எழுந்து நின்றதாகவும் அவர் எழுதியிருக்கிறார். அதில் ஒரு சிறுவன் முன்பின் தெரியாத ஒரு பெண்மணிக்குக் கடிதம் வாசித்துக் காட்டுகிறான். கதவைத் திறக்கப் போய்த் திரும்பினால் அவர் இல்லை. மேசைமீது அவருடைய கோப்பை வைத்திருந்த இடத்தில் ஈரவட்டம் ஒன்று மெல்ல மறைந்துகொண்டிருக்கிறது. அந்த வட்டம் மறையும்வரை வெட்டாமல் காத்திருந்ததும் தொகுப்பாளரின் முடிவுதான்.

கேள்வி: ஒலிக்கு இதில் பங்கு உண்டா? (பண்ருட்டி)

பதில்: பாதிப் பங்கு உண்டு. மேலே சொன்ன 'பெல் து ஜூர்' படத்தில் குதிரை வண்டியின் மணியோசை கனவோடு சேர்ந்தே வருகிறது. படத்தின் முடிவில் அவர்கள் வீட்டு ஜன்னலுக்குக் கீழே அதே வண்டி ஆளில்லாமல் மணியோசையோடு போகும்போது, எது கனவு என்ற கணக்கு முழுவதும் கலைந்துவிடுகிறது. படிமத்தை வெட்டும் இடத்திலேயே ஒலியையும் வெட்டினால் பார்வையாளர் அந்த வெட்டை உணர்ந்துவிடுவார், ஒலி முன்னதாகவோ பின்னதாகவோ நீண்டால் உணர மாட்டார். தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடக்கும் உங்கள் கனவில் அலைச்சத்தத்துக்கு நடுவே குக்கர் விசில் ஒன்று கேட்கட்டும், யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். பிறகு அடுக்களைக்கு வெட்டும்போது விசில் அடங்கியிருக்க வேண்டும், அலைச்சத்தம் மட்டும் இன்னும் சில நொடிகள் தொடரட்டும்.